அமெரிக்க அரசியலில் 'படித்த திமிர்'

நம் சங்கத்தில் அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அந்நாட்டுத் தேர்தல் நமக்குப் பக்கத்துத் தெருத் தேர்தல் போல் ஆகிவிட்டதில் வியப்பில்லை. பொங்கல் விழாப் பந்தியில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார்: "சார், நியூயார்க்கில் தன் பெயரிலேயே மாடிக்கட்டிடம் வைத்திருக்கும் டிரம்ப் சாமானியர்களின் ஆளாம். மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் கல்லூரி வாத்தியார் மேட்டுக்குடியாம். இது என்ன கணக்கு?" அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அரசியல் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற பின் நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் இருமுறை ஆறாறு மாதம் தங்கியபோது, பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, எனக்குத் துணை அவ்வூர்ப் பொது நூலகம். அங்கே தொடங்கிய படிப்பு இன்னும் விட்டபாடில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'எலீட்' என்பது பிரெஞ்சுச் சொல். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், தேர்தலைக் குறிக்கும் 'எலெக்‌ஷன்' என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். ராணுவத்தில் எலீட் படைப்பிரிவு என்றால் பெருமை. விளையாட்டில் எலீட் ஆட்டக்காரர் என்றால் அதைவிடப் பெருமை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வால் முளைத்து 'எலீட்டிஸ்ட்' ஆகிவிட்டால் போதும், அமெரிக்க அரசியல்வாதி பதறிப்போவார்.

நம் பத்திரிகைகள் இதை 'மேட்டுக்குடி மனப்பான்மை' என்று மொழிபெயர்க்கின்றன. குழப்பம் இங்கேதான் ஆரம்பம். மேட்டுக்குடி என்றதும் நம் மனத்தில் நிலபுலம், பங்களா, சாதி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அமெரிக்க மேடையில் அச்சொல்லுக்கும் பணத்துக்கும் அவ்வளவு உறவில்லை. ஊர்ப்பக்கம் நம் பாட்டிமார் சொல்வார்களே, 'படிச்ச திமிர்' என்று, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும், உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்ற தோரணை. பேச்சு, உச்சரிப்பு, உடை, சாப்பிடும் பண்டம், படித்த கல்லூரி ஆகியவை இதற்குச் சாட்சிகள். சொத்துப் பட்டியலை யாரும் கேட்பதில்லை.

ஏன் இப்படி? அமெரிக்காவில் பரம்பரைப் பட்டங்கள் கிடையாது. அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் தரக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த மண்ணில் பணக்காரனைப் பார்க்கும் ஏழை, 'நாளைக்கு நானும் இப்படி ஆகலாம்' என்று நினைக்கும்படி வளர்க்கப்பட்டவன். ஆகிறானா என்பது வேறு விஷயம். ஆனால் தன் உச்சரிப்பைத் திருத்துகிறவனிடம் அந்த ஆறுதலும் கிடையாது. அவன் இன்றைக்கே, இந்த நிமிடமே, நீ எனக்குக் கீழே என்று சொல்லிவிடுகிறான்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1828ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதியாக இருந்தவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ். இரண்டாவது ஜனாதிபதியின் மகன், ஹார்வர்டில் படித்து அங்கேயே பேராசிரியராகவும் இருந்தவர். எதிர்த்து நின்றவர் ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற படைத்தளபதி. ஆடம்ஸ் அரசுப் பணத்தில் வெள்ளை மாளிகைக்குப் பில்லியர்ட்ஸ் மேஜை வாங்கிவிட்டார் என்று ஜாக்ஸன் ஆட்கள் ஊரெல்லாம் பரப்பினார்கள். ஜாக்ஸன் ஏழையாகப் பிறந்து அநாதையாக வளர்ந்தவர் என்பது உண்மை. அதே சமயம், தேர்தலில் நின்றபோது அவர் அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்ட ஒரு பெரும்பண்ணைக்குச் சொந்தக்காரர் என்பதும் உண்மைதான். ஜாக்ஸனே வென்றார்.

என்னை மிகவும் ரசிக்க வைத்தது 1840ஆம் ஆண்டுக் கதை. வில்லியம் ஹென்றி ஹாரிஸன் என்ற முதிய தளபதி வேட்பாளர் ஆனார். எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று அவரைக் கேலி செய்தது: இவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்தால் ஏதாவது மரக்குடிசையில் உட்கார்ந்து மிச்ச நாளைக் கழித்துவிடுவார் என்ற பொருளில் எழுதியது. ஹாரிஸன் கட்சியினர் கோபப்படவில்லை, கேலியைக் கொடியாக்கிக் கொண்டார்கள். ஊர்வலத்தில் மரக்குடிசை மாதிரிகளை வண்டியில் வைத்து இழுத்தார்கள், கள்ளை ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஆள் குடிசைவாசி, பதவியிலிருக்கும் மார்ட்டின் வான் பியூரனோ வெள்ளித்தட்டுப் பிரபு என்றார்கள். சார்ல்ஸ் ஓகிள் என்ற உறுப்பினர் ஜனாதிபதி மாளிகையின் ஆடம்பரத்தைப் பற்றியும் தங்கக் கரண்டிகளைப் பற்றியும் சபையில் நீண்ட சொற்பொழிவே ஆற்றினார்.

இப்போது உண்மையைக் கேளுங்கள். அந்தக் 'குடிசைவாசி' ஹாரிஸன் பிறந்தது வர்ஜீனியாவின் ஒரு பண்ணை மாளிகையில். தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், வர்ஜீனியாவின் கவர்னராக இருந்தவர். மகன் கல்லூரிக்கும் போனவர். 'பிரபு' வான் பியூரனோ ஒரு சத்திரக்காரரின் மகன். கல்லூரி வாசலை மிதிக்காமல், வக்கீல் ஆபீஸில் எடுபிடியாக இருந்து சட்டம் கற்றவர். ஹாரிஸனுக்கு அமோக வெற்றி. பாவம், பதவியேற்ற ஒரே மாதத்தில் காலமாகிவிட்டார்.

நண்பர் கேட்ட கணக்குக்கு விடை அப்போதே கிடைத்துவிட்டது பாருங்கள். வேட்பாளர் எங்கே பிறந்தார், என்ன வைத்திருக்கிறார் என்பதை அமெரிக்க வாக்காளர் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. எந்த வேஷத்தில் தன் முன்னே வந்து நிற்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு இந்த அம்பு பணக்காரர் மீதும் பாய்ந்துகொண்டிருந்தது. 1936இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பெருமுதலாளிகளைப் 'பொருளாதார ராஜாக்கள்' என்ற பொருள்பட வெளுத்து வாங்கினார். அவரே தலைமுறை தலைமுறையாகச் செல்வம் படைத்த குடும்பத்தவர், ஹார்வர்டில் படித்தவர். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் விழுந்தன. வேலையில்லாமல் திண்டாடியவர்களுக்கு அவர் வேலை கொடுத்தார், முதியோருக்குப் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தார். பேராசிரியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தார்.

அம்பின் முனை பணத்திலிருந்து படிப்பின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1952இல் அட்லாய் ஸ்டீவன்ஸன் என்பவர் நின்றார். நல்ல படிப்பாளி, வழுக்கைத் தலை. 'முட்டைத்தலை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். படித்த மேதாவிகள் எல்லோருக்குமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தேர்தல் சமயத்தில் கால்மேல் கால் போட்டு அவர் உட்கார்ந்திருந்தபோது எடுத்த ஒரு புகைப்படத்தில், ஷூவின் அடியில் ஓட்டை தெரிகிறது. அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசே கிடைத்தது. ஷூவில் ஓட்டை இருந்தும் அவரால் சாமானியர் ஆக முடியவில்லை. அவரை இருமுறை தோற்கடித்த ஐஸன்ஹோவர் தேர்தலில் நிற்கும்போது வகித்த பதவி என்ன தெரியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவர்!

பிறகு வந்தவர் அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ். இவரிடத்தில்தான் இந்தக் குற்றச்சாட்டின் கசப்பான பக்கம் தெரிகிறது. கறுப்பின மாணவர்களை அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 1963 ஜூனில் வாசலில் போய் நின்று மறித்தவர் இவர். சைக்கிளை ஒழுங்காக நிறுத்தத் தெரியாத கூர்மண்டைப் பேராசிரியர்கள் நமக்கு வாழக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். 1968இல் தனித்து நின்று தெற்கே ஐந்து மாநிலங்களில் ஜெயித்தார். நீதிபதி, பேராசிரியர், பத்திரிகையாசிரியர் என்று அவர் யாரையெல்லாம் திட்டினாரோ அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பேசியவர்கள். நேரடியாகச் சொல்ல வெட்கப்பட வேண்டியதை 'படித்த திமிர்' என்ற உறையில் போட்டுக் கொடுத்தார். வாலஸ் சட்டம் படித்ததும், வாசலில் நின்று மறித்த அதே பல்கலைக்கழகத்தில்தான்.

வாலஸின் சரக்கை நாகரிகப்படுத்தி விற்றவர்கள் நிக்ஸனும் அவருடைய துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூவும். ஆக்னியூ 1969, 1970 ஆண்டுகளில் பத்திரிகையாளர்களையும் போர் எதிர்ப்பு அறிவாளிகளையும் தாக்கிப் பேசிய பேச்சுகள் பிரசித்தம். அகராதியைப் புரட்டினால்தான் பொருள் தெரியும் என்னும்படியான சொற்கள் அவற்றில் அடுக்கடுக்காக வரும். அறிவாளிகளைத் திட்ட அறிவாளிகளைச் சம்பளத்துக்கு வைத்து எழுதி வாங்கிய பேச்சு! விமர்சகர்களைத் திட்ட அவர் பயன்படுத்திய 'நாபாப்' என்ற சொல், நம் 'நவாப்' வெள்ளைக்காரன் வாயில் சிதைந்து கப்பலேறிப் போனது. பின்னாளில் வருமானவரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி 1973இல் ஆக்னியூ பதவி விலகினார்.

அன்றுமுதல் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த நாடகம் நடக்கிறது. 1988இல் மூத்த புஷ், எதிராளி டுகாகிஸின் கொள்கைகள் ஹார்வர்டு வளாகத்து நாகரிகக் கடையில் வாங்கியவை என்றார். டுகாகிஸ் கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை. புஷ் ஒரு செனட்டரின் மகன், யேல் பட்டதாரி. நீங்களும் யேல் ஆயிற்றே என்று நிருபர்கள் கேட்டதற்கு, யேலுக்கு அந்த மாதிரி வாடை இல்லை என்ற தோரணையில் பதில் சொன்னார்! 2004இல் இளைய புஷ்ஷும் ஜான் கெர்ரியும் மோதினார்கள். இருவரும் யேல், அதிலும் அங்கே ஒரே ரகசியச் சங்கத்தின் உறுப்பினர்கள். இருந்தாலும் கெர்ரிதான் மேட்டுக்குடி என்று முடிவாயிற்று. காரணம்? பிலடெல்பியாவின் புகழ்பெற்ற இறைச்சி சாண்ட்விச்சுக்கு ஊர் வழக்கப்படி சாதாரணச் சீஸ் கேட்காமல் சுவிஸ் சீஸ் கேட்டுவிட்டார். மதுரைக்குப் போய்த் தெருவோரக் கடையில் பரோட்டாவுக்குச் சால்னா வேண்டாம், ஜாம் இருக்கிறதா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள், அந்த மாதிரி. வியட்நாம் போரில் காயம்பட்டு மூன்று பதக்கம் வாங்கியவர் கெர்ரி. அந்தப் போர்க்காலத்தை உள்நாட்டுக் காவல் படையிலேயே கழித்தவர் புஷ். அது எடுபடவில்லை, சீஸ் எடுபட்டது.

2008இல் ஒபாமா கொஞ்சம் ஏமாந்துதான் போனார். சான்பிரான்சிஸ்கோவில் வசதி படைத்தவர்களின் கூட்டமொன்றில், வேலை போன சிற்றூர் மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் பேசிவிட்டார். மனோதத்துவ டாக்டர் நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் சொல்வது போன்ற பேச்சு அது. ஹிலாரி கிளின்டன் உடனே 'எலீட்டிஸ்ட்' என்று பிடித்துக்கொண்டார். இண்டியானாவில் ஒரு மதுக்கடையில் காமிராக்கள் முன் ஒரு சிறு குவளை விஸ்கி அருந்தினார். அப்போதுதான் கிளின்டன் தம்பதியர் முந்தைய எட்டு ஆண்டுகளின் வருமானக் கணக்கை வெளியிட்டிருந்தார்கள்: 10 கோடியே 90 லட்சம் டாலர். ஒபாமாவோ சில ஆண்டுகளுக்கு முன்புவரை கல்விக்கடன் கட்டியவர். அதே ஆண்டு குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன், உங்களுக்கு எத்தனை வீடுகள் என்று கேட்டதற்கு, உதவியாளரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

டிப்ளமாக்காரன் என்ற முறையில் என்னைத் தைத்த சம்பவம் 2012 பிப்ரவரியில் நடந்தது. எல்லாரும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று ஒபாமா சொல்வது திமிர் என்று மிச்சிகனில் ஒரு கூட்டத்தில் பேசினார் ரிக் சான்டோரம். கையால் உழைத்துப் பிழைக்கும் நல்லவர்கள் இல்லையா என்றார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நான் 2009இல் ஒபாமா உண்மையில் என்ன சொன்னார் என்று எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்குப் பின் ஒவ்வொருவரும் குறைந்தது ஓராண்டாவது படிப்போ தொழிற்பயிற்சியோ பெற வேண்டும், அது உள்ளூர்க் கல்லூரியாகவும் இருக்கலாம், தொழிற்பள்ளியாகவும் இருக்கலாம், அப்ரென்டிஸ் பயிற்சியாகவும் இருக்கலாம் என்பதுதான் அவர் பேச்சு. அதாவது நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போன்றவையும் அதில் அடக்கம். சான்டோரம் பெற்றிருந்த பட்டங்கள் மூன்று: பி.ஏ., எம்.பி.ஏ., சட்டம். தான் ஏறி வந்த ஏணியை அடுத்தவன் கேட்டால், 'உனக்கெதற்கு, நீ இருக்கிறபடியே அழகு' என்கிற பேச்சுக்கு மயங்கக்கூடாது என்பது என் கட்சி. அந்த வார்த்தையை விட்டிருக்க வேண்டாம் என்று பிற்பாடு அவரே சொன்னார், அது நல்ல குணம்.

இவ்வளவும் வெறும் வேஷம், மக்கள் ஏமாளிகள் என்று முடித்துவிடலாமா? முடியாது. அப்படி முடித்தால் நாமே அந்தப் படித்த திமிரைக் காட்டியவர்கள் ஆவோம். குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எடுபடுகிறது என்றால் அதில் சரக்கு இருக்கத்தான் வேண்டும்.

வியட்நாம் போரை நடத்தியவர்கள் யார்? கென்னடி பொறுக்கியெடுத்த அதிபுத்திசாலிகள். பாதுகாப்பு மந்திரி மெக்நமாரா ஹார்வர்டில் படித்து ஃபோர்டு கம்பெனித் தலைவராக இருந்தவர். கல்லூரியில் சேர்ந்த பையன்களுக்குப் படை அழைப்பு தள்ளிவைக்கப்பட்டது. கொத்தனார் மகனும் டிரைவர் மகனும் போனார்கள். பிறகு 1994இல் மெக்ஸிகோ, கனடாவுடன் தடையற்ற வாணிபம், 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சீனா. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம் என்று இரு கட்சிப் பொருளாதார மேதைகளும் சொன்னார்கள். 2000இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2010இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் குறைவு. இயந்திரங்கள் வந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் 'மொத்தத்தில்' என்ற அந்தச் சொல்லுக்குள் தங்கள் ஊர் இல்லை என்பதை அந்தத் தொழிலாளிகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2015இல் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பிரின்ஸ்டன் பொருளாதார அறிஞர்கள் இருவர், நடுவயது வெள்ளையரிடையே, முக்கியமாகக் கல்லூரி போகாதவர்களிடையே, இறப்பு விகிதம் ஏறிவருவதைக் கண்டு எழுதினார்கள். தற்கொலை, குடி, போதை மருந்து. பணக்கார நாடொன்றில் போரும் கொள்ளைநோயும் இல்லாமல் இப்படி நடப்பது சாதாரணமில்லை. அதைப் படித்த அன்று மகள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாலையோரம் குப்பை வண்டியோடு வந்த நடுவயது வெள்ளைக்காரர் ஒருவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

என் வேலையில் கண்ட ஒன்றைச் சொன்னால் இந்த விஷயம் இன்னும் விளங்கும். பெயர்களும் ஊரும் வேண்டாம். வடக்கே ஒரு பிரிவில் நான் இருந்தபோது அடுத்தடுத்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முதலாமவர் பெரிய பட்டம் பெற்றவர். கேங்மேட் தண்டவாளத்தில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி நேர்க்கோடு பார்த்து, "இங்கே தாழ்ந்திருக்கிறது சாப்" என்றால், காதில் வாங்காமல் கருவியைக் கொண்டுவரச் சொல்வார். அவர்கள் குடிசையில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. ஆனால் மே மாத வெயிலில் ஆட்களுக்கு நிழற்கூரை, நல்ல ஷூ, குடிதண்ணீர் வேண்டுமென்று விடாமல் கோப்பு எழுதி வாங்கித் தந்தவரும் அவரே. இரண்டாமவர் ஜல்லிமேல் உட்கார்ந்து அவர்களோடு ரொட்டியும் பச்சை வெங்காயமும் சாப்பிடுவார். குழந்தைகளின் பெயரெல்லாம் தெரியும். அவர் காலத்தில்தான் காலியிடங்கள் ஒப்படைக்கப்பட்டு, இரண்டு கேங்குகள் ஒன்றாக்கப்பட்டு, ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய தூரம் கூடியது. மாற்றலாகிப் போனபோது யாருக்கு மாலை போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாமவருக்குத்தான். நான் மேட்டிடம் கேட்டேன். "எங்களோடு ரொட்டி சாப்பிட்டார் சாப்" என்றார்.

அவர் முட்டாள் இல்லை. முதலாமவரின் அலட்சியம் தினமும் முகத்துக்கு நேரே வந்தது. இரண்டாமவரின் உத்தரவு அவர் கண்ணில் படாத காகிதத்தில் போயிற்று. அமெரிக்க வேட்பாளர்கள் சாலையோர ஓட்டல்களில் ஏறி இறங்குவதன் சூட்சுமம் இவ்வளவுதான். 2024 அக்டோபரில் டிரம்ப் பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவல் போட்டுக் கொடுத்தார். அதை உலகமே பார்த்தது. 2017 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட சட்டம் கம்பெனிகளின் வருமானவரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? வங்கிகளைக் கட்டிவைத்திருந்த பழைய தடைகளை 1999இல் தளர்த்திய சட்டத்தில் கையெழுத்திட்டவரும் மாட்டிறைச்சி பர்கர் கடைகளில் மக்களோடு கைகுலுக்கிப் பழகிய பில் கிளின்டன்தான். இதில் கட்சி பேதம் இல்லை.

டிரம்பிடம் ஒரு திறமையை ஒப்புக்கொள்ள வேண்டும். தான் ஏழை என்று அவர் நடிப்பதே இல்லை. 2018இல் மினசோட்டாக் கூட்டமொன்றில், அவர்களை ஏன் எலீட் என்கிறீர்கள், அவர்களைவிட நல்ல வீடும் அதிகப் பணமும் எனக்குத்தானே இருக்கிறது என்று பேசினார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் படித்தவர், கட்டடத் தொழிலதிபரின் மகன். ஆனால் தன் கேட்போரைத் திருத்த முயன்றதில்லை. அதற்கு மாறாக 2016 செப்டம்பரில் ஹிலாரி, டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேர் இழிந்தவர்கள் என்று பொருள்படும் ஒரு சொல்லை விட்டார். 'பாதி' என்றது தவறு என மறுநாளே வருந்தினார். பயனில்லை, அந்தச் சொல்லையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு டிரம்ப் கூட்டங்களுக்கு வந்தார்கள். 1840இன் மரக்குடிசை மீண்டும் வந்துவிட்டது.

அப்படியானால் படிப்பை வெறுக்கும் நாடா அமெரிக்கா? இல்லை. 1940இல் 25 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடக் கல்லூரிப் பட்டம் இல்லை. இப்போது ஏறக்குறைய 38 பேருக்கு உண்டு. ஐந்து பேர் இருந்தபோது பட்டதாரி என்றால் ஊர் டாக்டர், ஊர் வக்கீல், எல்லோருக்கும் தெரிந்தவர், தேவைப்பட்டபோது கதவைத் தட்டலாம். 38 ஆனபோது அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு, தனிக் கடை, தனிப் பேச்சு என்று ஆகிவிட்டது. மிச்சம் 62 பேர் வெளியே நிற்கிறார்கள். வெறும் கிளார்க் வேலைக்கும் பட்டம் கேட்கிறார்கள். கட்சிகளும் இந்தக் கோட்டில்தான் இப்போது பிரிந்து கிடக்கின்றன.

நம் பிள்ளைகள் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? இந்திய வம்சாவளியினரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள். நம் குடும்பங்களுக்குப் படிப்பு என்பது திமிர் அல்ல, பிழைப்பு. கைப்பொருளில்லாத வீட்டில் படிப்பைத் தவிர வேறு சொத்து ஏது? ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு இந்தக் கதை தெரியாது. அவர் கண்ணுக்கு நம் பையன் மேட்டுக்குடி வரிசையில் ஒருவன்.

இதற்கு நம்மவர் ஒருவரே உதாரணம். விவேக் ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுப் பக்கம் வடக்கஞ்சேரியிலிருந்து போனவர்கள், வீட்டில் தமிழ் பேசுபவர்கள். தந்தை பொறியாளர், தாய் மனநல மருத்துவர். மகன் ஹார்வர்டு, யேல் இரண்டிலும் படித்து, மருந்துக் கம்பெனி தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர். ஆனாலும் அரசியலில் அவருடைய முழக்கமே மேட்டுக்குடிகளுக்கு எதிரானது, அதனால் டிரம்பின் தொண்டர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2024 டிசம்பரில், எச்-1பி விசா பற்றிய சண்டையில் அவர் எக்ஸ் தளத்தில் நீளமாக ஒன்று எழுதினார். அமெரிக்கப் பண்பாடு சிறப்பைவிடச் சுமாரானதைப் போற்றிவிட்டது, கணக்கில் முதல் வரும் மாணவனைவிட விளையாட்டு வீரனைக் கொண்டாடுகிறது, குழந்தைகளுக்கு டி.வி.யைக் குறைத்துப் புத்தகத்தைக் கொடுங்கள் என்ற பொருளில் எழுதினார்.

நம் வீடுகளில் எந்த அப்பாவும் சாப்பாட்டு வேளையில் சொல்லும் பேச்சு. எனக்குப் படித்தபோது தவறாகவே படவில்லை. அங்கே எரிமலை வெடித்தது. முந்தைய நாள்வரை கைதட்டிய கூட்டமே, எங்கள் பிள்ளை வளர்ப்பைக் குறைசொல்ல நீ யார் என்று பாய்ந்தது. இனத்தையும் மதத்தையும் இழுத்துத் திட்டியவர்களும் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று, ஈலான் மஸ்க்குடன் சேர்ந்து தலைமை தாங்கவிருந்த அரசுச் செலவுக் குறைப்புப் பொறுப்பிலிருந்து அவர் விலகியதாக அறிவிப்பு வந்தது. தேர்தலில் நிற்கப் போகிறார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பதிவு கிளப்பிய கசப்பும் சேர்ந்துகொண்டது என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த மாதமே, பிறந்த ஊரான சின்சினாட்டிக்கு அருகில், ஒஹாயோ கவர்னர் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். அந்தக் கூட்டத்தை வைத்த இடம், விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை.